நான் கட்டிய சென்றிகள்

1

போன மாதம் நான் எழுதிய ஒன்றுக்கு நூற்றுப் பதினேழு என்று இலக்கம் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நாற்பதைத் தாண்டாதவன் நான். அதனால் முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

ஊரிலிருக்கும் கூட்டாளிகள், "நீ அங்கை என்னதான் செய்யிறாய்?" என்று தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "மீன் வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இம்முறை கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் ஓரளவு வரும்.

நான் திருகோணமலைப் பக்கத்துச் சல்லி என்ற ஊர்க்காரன். இப்போது இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறு பட்டினம். சல்மன் மீனை வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலையில் குளிர் அறைக்குப் பொறுப்பு. விடிய முன்னம் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மீன் வேலையோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. யார் எந்த நாள் எந்த நேரம் வேலைக்கு வர வேண்டும் என்ற ரோஸ்டரைப் போடுவது. முன்பு அதைக் கையால் எழுதிய நோர்வேக்காரக் கிழவர் ஓய்வுபெற்றபோது, அந்த வேலையை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ரோஸ்டர் போடுபவனை எல்லோரும் திட்டுவார்கள். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒருத்தரோடும் சண்டை பிடிக்காத ஆள், நீ செய்" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

கையால் எழுதிக் கை வலித்தது. இணையத்தில் காணொளிகளைப் பார்த்து, கணினியில் அட்டவணை போடும் மென்பொருளுக்குள் சின்னச் சின்னக் கட்டளைகள் எழுதப் பழகினேன். இப்படியென்றால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் என் புரோகிராம் வேலை செய்யத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பொத்தானை அழுத்துவேன். அடுத்த கிழமைக்கான தாள் அச்சாகி வரும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். என் வாழ்க்கையில் அதைப்போல் வேறு எதற்கும் நான் பெருமைப்பட்டதில்லை. என் மனைவி மட்டும், "மீன் அடுக்கிற மனிசன் இப்ப ஆக்களையும் அடுக்குது" என்று சிரிப்பாள்.

2

எங்கள் தொழிற்சாலையில் பல நாட்டுக்காரர். எங்களைப் போல வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கஷ்டம் என்றால் மேலே மாடியில் இருக்கும் முகாமையாளரிடம் போக மாட்டோம். அலுவலகம் என்றாலே எங்களுக்கு ஒரு பயம். அதனால் எல்லோரும் கோப்பி மெசினடியில் என்னிடம் வருவார்கள். பக்கத்தில் வந்து நின்று, கோப்பி ஊற்றுவதுபோல் மெல்லிய குரலில் சொல்வார்கள். பிள்ளையைக் கூட்டிவர ஆளில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை. இடுப்பு வலி, பாரம் தூக்க ஏலாது. மனைவியோடு பிரச்சினை, இரவு வேலை வேண்டும்.

எனக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து "ஏலாது" என்று சொல்ல வராது. தலையாட்டிவிடுவேன். வீட்டுக்கு வந்து புரோகிராமில் அவருக்காக ஒரு வரி சேர்ப்பேன். ஆள் இவரென்றால், நாள் இதுவென்றால், இந்த வேலை போடாதே. பிறகு மறந்து போகும் என்பதால் ஒவ்வொரு வரிக்கு மேலும் ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதி வைப்பேன். நான் வராத நாளில் வேறு யாரும் பார்த்தால் விளங்க வேண்டுமே என்று குறிப்புகளை நோர்வே மொழியில் எழுதினேன்.

றஹீமா ராத்தாவும் அப்படித்தான் வந்தா. கிண்ணியாக்காரி. அங்கே அக்காவை ராத்தா என்றும் கணவனை மாப்புள என்றும்தான் சொல்வார்கள். இந்தப் பட்டினத்தில் திருகோணமலை என்ற பெயரை விளக்கம் சொல்லாமல் உச்சரிக்க எனக்கு இருப்பது அவ ஒருவர்தான். பெட்டி அடைக்கும் பகுதியில் மாலை நேர வேலை.

"தம்பி, என்ட மாப்புளட கிட்னி ரெண்டும் பழுது. கிழமைல மூணு பின்னேரம் ஆஸ்பத்திரில மெசின்ல போட்டுத்தான் ரத்தம் கழுவுற. நான் பக்கத்துல இருக்கோணும். அவருக்கு இந்த ஊருப் பாஷை ஒரு சொல்லும் வராது."

"மேலை சொல்லேலாதே ராத்தா?"

"நான் இன்னும் நிரந்தரமில்ல. வீட்டுல நோயாளி இரிக்கி எண்டு தெரிஞ்சா வெச்சிப்பாங்களா? நீங்க ஆருக்கும் சொல்லாம ஒரு வழி பாருங்க."

திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று பின்னேரங்களை அடைத்து ஒரு வரி எழுதினேன். அதற்குப் பதிலாக அவவுக்குக் காலை வேலை விழும். மறுநாள் கோப்பி மெசினடியில் கையில் ஒரு பார்சலைத் திணித்தா. உள்ளே தொதல் இனிப்பு. பிறகு அவ நிரந்தரமானபோதும் அந்த வரி அப்படியே இருந்தது. நானும் மாற்றவில்லை, அவவும் மேலே சொல்லவில்லை.

3

இந்த வருடம் எங்கள் தொழிற்சாலையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள் தாங்களே எழுதிப் பாவிக்கும் புரோகிராம்களை அனுப்ப வேண்டும். அவை எவ்வளவு சிக்கலானவை என்று அளப்பார்கள். அளவுக்கு மேலென்றால் ஒரு மாதத்தில் எளிமையாக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். நான் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன். சொன்னால் சொன்ன நாளிலேயே செய்கிற ஆள் நான்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மகள் துளசி வீட்டில் நின்றாள். வேறு நகரத்தில் மென்பொருள் படிக்கிறாள். மாதத்தில் ஒருமுறை, இரண்டுமுறை வருவாள். வந்தாலும் தொலைபேசியில் நோர்வே மொழியில் சிரித்துக் கதைப்பாள், எங்களோடு தமிழில் ஓம், இல்லை என்பாள். படிப்பைப் பற்றிக் கேட்டால், "உங்களுக்கு விளங்காது அப்பா" என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. அதனால் இன்னும் வலிக்கும். இதென்றால் அவளோடு கதைக்க ஒரு விஷயம் ஆகுமே என்று நினைத்து, அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். குசினிக் கதிரையில் இருந்து என் புரோகிராமைத் தன் கணினியில் போட்டாள்.

"நூற்றுப் பதினேழு" என்றாள்.

"நல்ல மார்க்ஸோ?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "அப்பா, இது கூடினால் கூடாது. பத்துக்குள்ளை இருந்தா நல்லம். இருபது எண்டா யோசிக்கோணும். ஐம்பதைத் தாண்டினா ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

"என்னத்தை எண்ணுறது?"

"உங்கட புரோகிராம் மேலையிருந்து கீழ போகுது. போற வழியிலை எங்கெங்கை நிண்டு கேள்வி கேட்குதோ, அங்கெல்லாம் ஒண்டைக் கூட்டோணும். ஒவ்வொரு கேள்விக்கும் வழி பிரியுது. எல்லா வழியும் சரியோ எண்டு பார்க்க, எல்லாத்திலயும் ஒருக்கா எண்டாலும் நடந்து பார்க்கோணும். நீங்கள் எப்பிடிப் பார்க்கிறனீங்கள்?"

"திங்கட்கிழமை வந்த ஆக்கள் சத்தம் போடாட்டி சரி."

மறுபடியும் சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்க வைத்து எத்தனை காலம். அடுப்படியில் நின்ற என் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். துளசி வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள். "இந்தப் போலந்துக்காரர் இப்ப எங்கை?" "அவர் ஊருக்குப் போட்டார்." "அவருக்கு நாலு கேள்வி இன்னும் ஓடுது." இன்னொன்று. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"அப்பா. இதிலை ஆக்களின்ட சமயம் இருக்கு."

"ஓம், தொழுகைக்கு விடோணுமே."

"நோய் வருத்தம் இருக்கு. ஆருக்கு விவாகரத்து எண்டு இருக்கு. பெயரோடை இருக்கு. நீங்கள் மேலை குறிப்பும் எழுதியிருக்கிறீங்கள், வடிவா, பிழையில்லாமல்." திரையை என் பக்கம் திருப்பினாள். "இந்த ஃபைல் எங்கை கிடக்கு?"

"எல்லாரும் பாவிக்கிற ஃபோல்டருக்குள்ளை."

"இதைத்தானே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப் போறீங்கள்?"

"வெள்ளிக்கிழமையே அனுப்பிப்போட்டன்."

அவள் கணினியிலிருந்து கையை எடுத்தாள். மனைவி அடுப்பை நிற்பாட்டினாள்.

பிறகு துளசி இன்னொன்றையும் கண்டாள். அதைச் சொல்ல முன் என் கையைப் பிடித்தாள். இந்த வசந்த காலத்தில் புதன்கிழமைப் பின்னேரம் ஒரு புது லொறி வரத் தொடங்கியது. பெட்டி அடைக்கும் பகுதியார் எல்லோரும் புதன் பின்னேரம் நிற்க வேண்டும் என்று முகாமையாளர் சொன்னார். அவர் சொன்னதென்பதால் மரியாதைக்கு அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே போட்டேன்.

"புரோகிராம் மேலையிருந்துதான் கேள்வி கேட்கும் அப்பா. நாள் புதனோ, ஆள் பெட்டிப் பகுதியோ? ரெண்டுக்கும் ஓம் எண்டா, அதிலேயே வேலையைப் போட்டிட்டு வெளியிலை வந்திடும். கீழே இருக்கிற றஹீமா ஆன்ட்டியின்ட வரிக்குப் போகவே போகாது."

"அப்ப?"

"வசந்தத்திலை இருந்து அவவுக்குப் புதன் பின்னேரம் வேலை விழுந்துகொண்டுதான் இருக்கு."

நான் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறவன். பின்னேரம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததில்லை. ஒட்டுகிற தாளை வாசித்ததும் இல்லை. நான் எழுதியதுதானே என்ற நம்பிக்கை. அவவும் ஒரு சொல் கேட்கவில்லை.

4

அன்று பின்னேரம் நடக்கப் போனேன். நின்று கேள்வி கேட்கும் இடங்களை எண்ண வேண்டும் என்று மகள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அப்படி எண்ணுவது எனக்குப் புதிதல்ல. சண்டைக் காலத்தில் சல்லியிலிருந்து பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு நாளும் எண்ணியிருக்கிறேன். சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒரு சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. உப்புவெளியில் ஒன்று. பட்டினத்துக்குள் நுழையுமிடத்தில் இன்னொன்று. துப்பாக்கியோடு நிற்பவர்கள் மறித்துக் கேட்பார்கள். எங்கிருந்து வாறாய்? எங்கே போறாய்? பையில் என்ன? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வழி. ஒரு வழி பள்ளிக்கூடத்துக்கு, ஒரு வழி வெயிலில் ஓரமாக நிற்பதற்கு, ஒரு வழி எங்கே போகும் என்று தெரியாது.

பாலத்தடியில் ஒரு நல்லவர் நின்றார். உடைந்த தமிழில் பகிடி விடுவார். எங்கள் வீட்டு விஷயமெல்லாம் அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், அத்தான் வெளிநாடு போக அலைகிறார், எல்லாம் நாங்களே சொன்னதுதான். சொன்னால் சுணக்காமல் விடுவார். "அப்பா எப்பிடி? சரி, ஓடு ஓடு" என்பார். ஒருநாள் அவரை மாற்றிவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு வந்த புதியவர் முதல் நாளே என்னை மறித்து, "அத்தான் கொழும்பில எங்க நிக்கிறார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நல்லவர் கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளையைச் சுணக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இடத்திலேயே இருந்தது. அடுத்து வந்து நிற்பவருக்கு அது கிடைத்துவிட்டது.

கடற்கரையோரம் ஒரு வாங்கில் இருந்துவிட்டேன். நான் அந்த நல்லவர். இத்தனை வருடமும் என்னோடு வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக மறித்து, உன் கடவுள் யார், உன் வருத்தம் என்ன, உன் வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்கும் பாதையை நான்தான் கட்டியிருக்கிறேன். அன்போடு கட்டியிருக்கிறேன். அடுத்து வருபவருக்கு விளங்கும்படி குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.

5

திரும்பி வந்தபோது துளசி இன்னும் குசினியில்தான் இருந்தாள். போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டாள்.

"அப்பா, இதைச் சின்னதாக்கிறது கஷ்டமில்லை" என்றாள். "நீங்கள் ஏன் ஏலாது எண்டு கேட்கிறீங்கள். அதாலைதான் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு கேள்வி வருது. ஏன் எண்டு கேட்காதேங்கோ. எப்ப ஏலாது எண்டு மட்டும் கேளுங்கோ. அது எல்லாருக்கும் ஒரே கேள்வி."

ஒரு வெறும் அட்டவணை. பெயர்கள் ஒரு பக்கம், நாளும் நேரமும் மறுபக்கம். ஏலாத நேரத்தில் அவரவரே பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட வேண்டும். காரணத்துக்கு இடமே இல்லை. புரோகிராம் அந்தக் கட்டத்தைப் பார்க்கும், புள்ளடி இருந்தால் விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகும். வெற்றிடம் மிஞ்சினால் சிவப்பில் காட்டும். யாரையும் தானாகத் தள்ளாது. என் வரிகளை அவள் சொல்லச் சொல்ல நானே அழித்தேன். போலந்துக்காரர் போனார். இடுப்பு வலி போனது. தொழுகை போனது. முடிவில் அளந்தாள். எட்டு.

"இப்ப எல்லா வழியிலயும் நடந்து பார்ப்பம்" என்றாள். நாள், ஆள், புள்ளடி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எட்டு வழியும் சரியாக வந்தன.

நான் பழையதைப் பார்த்து றஹீமா ராத்தாவின் மூன்று பின்னேரங்களையும் புள்ளடி போடப் போனேன். மகள் என் கையைத் தடுத்தாள்.

"அது அவ போடோணும்."

"அவ போடமாட்டா. பயந்த ஆள்."

"நீங்களும் பயந்த ஆள்தான். போய்ச் சொல்லுங்கோ."

6

திங்கட்கிழமை நான் வீட்டுக்குப் போகவில்லை. பின்னேர வேலை தொடங்கும் வரை நின்றேன். றஹீமா ராத்தா சப்பாத்து மாற்றும் இடத்தில் இருந்தா. அந்த நேரத்தில் அவவை அங்கே கண்டதும், திங்களும் பிழைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இண்டைக்கும் பின்னேர வேலையோ?"

"இல்ல தம்பி, காலை வேலை இப்பதான் முடிஞ்ச. இப்ப போறன் ஆஸ்பத்திரிக்கி."

சொன்னேன். திக்கித் திக்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல் போனதை. குறிப்பை. புதன்கிழமையை.

முதலில் புதன்கிழமையைத்தான் கேட்டா. "அப்ப நீங்க வேணுமெண்டு போடல்லயா?"

"இல்லை ராத்தா. எனக்கே நேற்றுத்தான் தெரியும்."

"நான் நெனச்சன் உங்களுக்கு அலுத்துப் போச்செண்டு. எத்தன வருசம் ஒரு மனுசன் உதவி செய்வார், போதுமெண்டு விட்டுட்டார் எண்டு நெனச்சன். எப்பிடிக் கேக்குற?" பூட்ஸை இழுத்துக் கழற்றினா. "புதன்ல அவர் தனியத்தான் போறார் தம்பி. ஒருக்கா மெசின்ல இருக்கக்குள்ள அவருக்குத் தலை சுத்தி, சொல்ல பாஷ இல்லாம கையால காட்டி, அவங்க தண்ணி கேக்கார் எண்டு நெனச்சி தண்ணி குடுத்திருக்காங்க. அவருக்குத் தண்ணி கூடாது. வீட்டுக்கு வந்து அழுதார்."

கழற்றிய பூட்ஸை ஓரமாக வைத்தா.

"என்ட மாப்புளட வருத்தத்த எழுதியா வெச்சீங்க?"

"மறந்து போகாமல் இருக்க..."

"மறந்திருந்தா நல்லம்" என்றா. குரல் உயரவில்லை. "நான் உங்கட காதுலதானே சொன்ன. கடதாசில சொல்லல்லயே."

தலையில் சீலையைச் சரிசெய்தா. வெறும் காலுறையோடு, மாடிப் படியைப் பார்த்து நடந்தா. மேலே முகாமையாளரின் அலுவலகம். இத்தனை வருடத்தில் அவ அந்தப் படியில் ஏறி நான் கண்டதில்லை. நானும் பின்னால் ஏறினேன். என் பங்கையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவ தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், நிமிர்ந்து நின்று சொன்னா. கணவனுக்குச் சுகமில்லை. மூன்று பின்னேரம் என்னால் ஏலாது. முகாமையாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தொழிற்சாலையின் விதிகளிலேயே அதற்கு இடமிருக்கிறதாம். வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்கள் கேட்டால் நேரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். காலை வேலையைக்கூடக் குறைத்திருக்கலாமாம். "ஏன் முதலே என்னிடம் வரவில்லை?" என்று அவர் கேட்டார். அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விடியக் காலையில் மீன் பெட்டி தூக்கிய வருடங்கள் முழுவதும் அதில் இருந்தன. நான் உதவி என்று நினைத்துக் குறுக்கே நின்றிருக்கிறேன்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்து, அந்த ஃபைலை ஆட்கள் யாரும் திறக்கவில்லை, அளக்கும் கருவி மட்டும்தான் வாசித்தது, இப்போது அழித்துவிட்டோம் என்றா. அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். இத்தனை மனிதரின் வலியை முழுதாக வாசித்துவிட்டு, அது திருப்பிச் சொன்னது ஒரே ஒரு இலக்கம் என்பதை நினைக்க எனக்குக் குளிர்ந்தது.

7

புதிய ரோஸ்டர் இப்போது ஓடுகிறது. புள்ளடி போடும் அட்டவணை கன்ரீனில் ஒரு திரையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. பலர் பழையபடி கோப்பி மெசினடிக்கு வந்தார்கள். "எனக்குச் சொல்ல வேண்டாம், அங்கே போடுங்கள்" என்று திரையைக் காட்டினேன். அதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் எனக்கு வியர்க்கும். சிலருக்கு என்னில் மனவருத்தம். பதவி வந்ததும் முகம் கொடுக்கிறானில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

துளசி இப்போது கிழமைக்கொரு முறை தொலைபேசி எடுக்கிறாள். "எட்டு இன்னும் எட்டுத்தானோ? வளர விட்டிராதேங்கோ அப்பா" என்பாள். அதற்குமேல் அவளுடைய கதை அதிகமில்லை. எனக்கு அதுவே காணும்.

றஹீமா ராத்தா என்னைக் கண்டால் தலையசைப்பா. தம்பி என்று கூப்பிடுவதில்லை. அவவுடைய வரிசையில் திங்கள், புதன், வெள்ளி மூன்று பின்னேரமும் புள்ளடி இருக்கிறது. அவ போட்டதுதான்.

போன கிழமை பார்த்தபோது சனிக்கிழமைக் காலையிலும் ஒரு புதுப் புள்ளடி. என் மனம் ஓடத் தொடங்கியது. அவருக்குக் கூடிவிட்டதோ? நாலாவது நாளும் மெசினில் போடச் சொல்லிவிட்டார்களோ? அல்லது நல்ல செய்தி ஏதுமோ? யாராவது ஊரிலிருந்து வருகிறார்களோ? அப்போது அவ எனக்கு நாலு அடி தள்ளி, கோப்பிக் கோப்பையோடு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றா.

பொத்தானை அழுத்தினேன். தாள் வந்தது. இந்தமுறை ஒவ்வொரு வரிசையாக வாசித்தேன். சனிக்கிழமைக் காலையில் அவவுடைய பெயர் இல்லை. சுவரில் ஒட்டிவிட்டு, அவவைக் கடந்து வீட்டுக்குப் போனேன்.